பரணில் கிடந்த டயானா 27: பழைய ஏர் ரைஃபிளைச் சீர்செய்து பத்து மீட்டர் பயிற்சிக்கு மாற்றுவது எப்படி?

பொள்ளாச்சியில் பெரியப்பா வீட்டுப் பரணிலிருந்து இறக்கியபோது அது கோணிச்சாக்குக்குள் இருந்தது. சாக்கைப் பிரித்ததும் மூக்கில் ஏறியது காறிப்போன தேங்காய் எண்ணெய் வாடை. கட்டையில் வார்னிஷ் உரிந்து, குழல் முழுக்கப் பழுப்புத் துரு. மடக்கிப் பார்த்தால் ஸ்பிரிங் நறநறவென்று அரைத்தது. தோப்பில் கிளி விரட்ட வாங்கியது என்று பெரியம்மா சொன்னார். வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பெரியப்பா அதன் ஓட்டையில் நாலு சொட்டு எண்ணெய் விடுவாராம். அந்த நாலு சொட்டு செய்த வேலையைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு முறைக்கு ஒரே குண்டு போட்டுச் சுடும் இந்த வகையைக் கடைகளில் 'பிரேக் பேரல்' என்பார்கள். குழலை நடுவில் மடக்கினால் உள்ளே பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங் இறுகும். பெல்லட் எனும் ஈயக் குண்டை வைத்து, குழலை நிமிர்த்தி, விசையை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தும், அந்தக் காற்று பெல்லட்டைத் தள்ளும். மருந்து கிடையாது, தோட்டா கிடையாது. சைக்கிள் பம்பைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு இதன் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியில்தான் விரல் போகும், கண் போகும்.

முதலில் சட்டம்

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கும் (கடைக்காரர் பேச்சில் 'பாயிண்ட் ஒன் செவன் செவன்'), வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளை வைத்திருக்க உரிமம் வேண்டாம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். ஆகவே பழைய துப்பாக்கி கைக்கு வந்தால் முதல் வேலை காலிப்பரை எடுத்து விட்டத்தைப் பார்ப்பது. 5.5 மி.மீ. என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் பேசுங்கள். குழலைப் பெரிதாக்குவது, மருந்து போட்டுச் சுடும்படி மாற்றுவது இரண்டும் இந்தக் கட்டுரைக்குள் வராது, எந்தப் பட்டறையிலும் வரக் கூடாது. இலங்கையிலோ வேறு நாட்டிலோ இருப்பவர்கள் அங்குள்ள சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா காலத்தில் கிளியைச் சுட்டார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். நான் செய்யப்போகும் மாற்றம் காகித அட்டைக்காக: பத்து மீட்டர் தூரத்தில், துளைப் பார்வையோடு (சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் கருவி), நின்று சுடும் பயிற்சிக்கு.

கையில் இருப்பது எது?

பிஸ்டன் ஓடும் உருளையின் பின்பக்க இடது ஓரத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். போருக்குப் பிந்தைய ஜெர்மன் டயானாவில் அங்கே மாதமும் ஆண்டும் சின்னதாகக் குத்தியிருப்பார்கள். என்னுடையதில் '08 66'.

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. டயானாவைச் செய்தது ராஸ்டாட் நகரத்து மேயர் அண்ட் கிராமல்ஸ்பாகர், 1890இல் தொடங்கிய கம்பெனி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இழப்பீடாக அவர்களுடைய இயந்திரங்கள் ஸ்காட்லாந்தின் மதர்வெல்லில் இருந்த மில்ப்ரோ கம்பெனிக்குப் போயின. டயானா என்ற பெயரும் கூடவே போயிற்று. ஜெர்மன்காரர்கள் மறுபடி தொழிற்சாலையைத் திறந்தபோது, பிரிட்டனில் தங்கள் சரக்கைத் தங்கள் பெயரிலேயே விற்க முடியாமல் 'ஒரிஜினல்' என்று போட்டு விற்றார்கள். ஆக, 27 என்ற எண் போட்ட துப்பாக்கி ஜெர்மனியிலும் உண்டு, ஸ்காட்லாந்திலும் உண்டு. விசை அமைப்பு இரண்டிலும் வேறு. உதிரிப் பாகம் வாங்குமுன் எந்த ஊர்ச் சரக்கு என்று பார்க்காவிட்டால் பணம் தண்டம். நான் கீழே சொல்வது, விசைக்குள் மூன்று எஃகு உருண்டைகள் உள்ள ஜெர்மன் 27க்கு. உள்நாட்டில் செய்த பழைய ஏர்கன்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், விசையைத் தவிர.

பிரிக்கும் முன்

ஏற்கெனவே இழுத்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள். விசையைத் தொடாமல் குழலை மெல்ல மடக்குங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பே இல்லாமல் தொங்கினால் பிஸ்டன் பின்னால் கொக்கியில் நிற்கிறது என்று பொருள். அப்படியிருந்தால் பெல்லட் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வெளியே தள்ளி, குழலை நிமிர்த்தி, மணல் வாளியைப் பார்த்துச் சுட்டு இறக்கிவிடுங்கள்.

குழல் மடங்கியிருக்கும்போது விசையில் விரல் படவே கூடாது. பிஸ்டன் பாய்ந்தால் குழல் எலிப்பொறிபோல மேலே அடிக்கும். நடுவில் விரல் இருந்தால் விரல் போகும். விரல் இல்லாவிட்டால் குழல் வளையும்.

அப்புறம் அப்படியே ஐந்து சுட்டு, அட்டையை எடுத்துவையுங்கள். பின்னால் ஒப்பிட வேறு வழி கிடையாது. பயிற்சி மையத்து நண்பர் ஒருவரிடம் வேகமானி இருந்தது. 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 118 மீட்டரில் போனது. எடையைக் கிலோவில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்கினால் ஆற்றல்: சுமார் 3.7 ஜூல். பத்து மீட்டரில் ஐந்து துளைகளுக்குள் அகலம் 42 மி.மீ. இலக்கின் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ.தான்!

கட்டையும் ஸ்பிரிங்கும்

கட்டையின் முன்கையில் பக்கத்துக்கு ஒரு திருகு, விசைக் காப்பின் முன்னால் ஒன்று. திருகுத் தலையின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் முனையை அரத்தில் ராவிப் பொருத்துங்கள். பழைய துப்பாக்கியின் திருகுத் தலை சிதைந்திருந்தால், யாரோ அவசரக்காரர் நமக்கு முன்னால் திறந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். அசையாத திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள்.

இனி ஸ்பிரிங். ஓய்வில் இருக்கும்போதும் அது கொஞ்சம் அழுத்தத்தில்தான் இருக்கும். என்னுடையதில் வெளியே வந்த நீளம் ஏறக்குறைய இரண்டு அங்குலம். கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தச்சர்கள் கதவுச் சட்டம் ஒட்டும்போது போடும் நீளக் கிளாம்ப் ஒன்றை வாங்குங்கள். குழல் பக்கம் மரத்துண்டு, பின்பக்கம் விசைப் பெட்டியை மட்டும் தள்ளும்படி இன்னொரு மரத்துண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தை நேர்க்கோட்டிலிருந்து விலக்கி, அரை நூல் அளவுக்கு உள்ளே அழுத்துங்கள். அழுத்தம் விலகியதும் இரண்டு குறுக்கு முளைகளும் பித்தளை 'பஞ்ச்' கம்பியின் மெல்லிய தட்டலுக்கே நகரும். நகராவிட்டால் சுத்தியலைப் பெரிதாக்க வேண்டாம், கிளாம்பை இன்னும் அரைச் சுற்று திருகுங்கள். முளைகள் வந்ததும் கிளாம்பை மெதுவாகத் தளர்த்தலாம்.

வெளியே வருவதைத் தட்டில் வாங்குங்கள். ஏனென்றால் அதில் மூன்று எஃகுக் குண்டுகள் இருக்கும்.

இந்த விசை மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பிஸ்டன் தண்டின் நுனியில் கழுத்துப்போல ஒரு பள்ளம். அதைச் சுற்றி ஒரு சிறு குழாய், குழாயில் மூன்று ஓட்டை, ஓட்டைக்கு ஒரு குண்டு. வெளியே இன்னொரு உறை குண்டுகளை உள்பக்கம் அமுக்கி வைத்திருக்கும். அவை கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். விசையை இழுத்தால் உறை நகர்கிறது, குண்டுகள் வெளியே விலகுகின்றன, தண்டு விடுபடுகிறது. அத்தனை பெரிய ஸ்பிரிங்கின் பாரமும் மூன்று உருண்டைகளில் சமமாகப் பிரிவதால் விரலுக்கு மிருதுவாக இருக்கிறது. என் தட்டிலிருந்து ஒன்று உருண்டு பீரோவுக்கு அடியில் போய், இன்றுவரை அகப்படவில்லை. ஒன்று தொலைந்தால் மீதியை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே அளவில் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். ஒன்று புதிது, இரண்டு பழசு என்று கலந்தால் பாரம் சமமாக இறங்காது.

குழலும் பிஸ்டனும்

குழலின் கீல் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு அதைப் பூட்டி வைத்திருக்கும். அதை எடுக்காமல் போல்ட்டைத் திருகுபவர்கள் இரண்டையும் கெடுக்கிறார்கள். போல்ட் வந்ததும் குழலையும் மடக்குத் தண்டையும் விலக்கி, பிஸ்டனைப் பின்பக்கமாக உருவலாம்.

பெரியப்பாவின் நாலு சொட்டுகளை அங்கேதான் பார்த்தேன். பிஸ்டனின் முகத்தில் தோல் வாஷர் கறுத்து, கருப்பட்டிப் பாகு காய்ந்ததுபோலக் கண்ணாடிப் பளபளப்போடு இறுகியிருந்தது. நகத்தால் கீறினால் உதிர்ந்தது. ஆண்டுக்கணக்காக விட்ட எண்ணெய் அப்படி இறுகியிருந்தது. போதாததற்கு, பிஸ்டன் பாயும்போது காற்று ஒரு நொடியில் கடும் சூடாவதால் அங்கே இருக்கும் எண்ணெய் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் நடப்பதே இது. புகை வரும், படார் என்று சத்தம் வரும், பார்ப்பவருக்குப் பலம் கூடியதுபோலத் தெரியும். வாஷர் கருகுவதும் ஸ்பிரிங் முறிவதும் அதனால்தான். தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய், அழுத்தத்தில் அடைத்து விற்கும் துரு நீக்கி ஸ்பிரே எதையும் காற்றறைக்குள் விடாதீர்கள்.

எல்லா இரும்பையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, உருளையின் உள்பக்கத்தைத் துணி சுற்றிய மரக்குச்சியால் துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். குழலுக்குள் இரும்புக் கம்பி விட வேண்டாம். தூண்டில் நரம்பில் பருத்தித் துணித் துண்டைக் கட்டி, பின்பக்கமிருந்து முன்பக்கம் இழுங்கள். முதல் பத்துத் துணியும் ஈயக் கறுப்பாகத்தான் வரும்.

வாஷர்: தோலா, பாலியூரித்தேனா?

லேத்தில் கடைந்த பாலியூரித்தேன் வாஷர் போட்டால் நல்லது என்று பலரும் சொல்வார்கள். புது மாடல்களுக்குச் சரி. தோலுக்காகச் செய்த உருளையின் உள்பக்கம் அவ்வளவு வழவழப்பாக இருக்காது. வாஷர் சீக்கிரம் கிழியும். தோல், சுவரின் மேடுபள்ளத்துக்குத் தானே பழகிக்கொள்ளும். நான் தோலுக்கே போனேன்.

குரோம் போட்டுப் பதப்படுத்திய தோல் இதற்கு உதவாது, ஈரத்தில் வடிவம் பிடிக்காது. பட்டை போட்டுப் பதப்படுத்தியது வேண்டும். அந்தத் தோலுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. ஆவாரம் பட்டையில் பதப்படுத்தி இங்கிருந்து கப்பலேறியதுதான் உலகச் சந்தையில் ஈஸ்ட் இந்தியா லெதர் என்று பெயர் வாங்கியது. திண்டுக்கல் பக்கம் தோல் மண்டியில் 3 மி.மீ. கனத்தில் ஒரு கைக்குட்டை அளவுத் துண்டு கிடைத்தது.

வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்து, மரத்தில் கடைந்த அச்சுக்குள் வைத்து வைஸில் அழுத்த வேண்டும். பழைய பம்ப் ஸ்டவ்வின் வாஷரைப் பார்த்தவர்களுக்கு வடிவம் புரியும்: விளிம்பு மடிந்த சின்னக் கிண்ணம். இரண்டு நாள் நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் சுருங்கி வெடிக்கும். முதல் இரண்டை நான் அப்படித்தான் வீணாக்கினேன். காய்ந்ததும் விளிம்பைப் புது பிளேடால் சமமாக நறுக்கி, சிலிக்கான் எண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து, துடைத்து, பிஸ்டனில் பழைய திருகாலேயே பொருத்தலாம். உருளையில் விட்டுத் தள்ளினால் கையின் பலத்துக்கு நகர வேண்டும், தானாக வழுக்கி விழக் கூடாது.

குழலின் பின்வாயைச் சுற்றியுள்ள சின்னத் தோல் வளையத்தையும் அதே தோலில் வெட்டிப் போடுங்கள். அது இரும்பு முகத்திலிருந்து ஒரு அட்டையின் கனம் துருத்தி நிற்க வேண்டும்.

ஸ்பிரிங்

பழையதைக் கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். என்னுடையது நொண்டியது. புதிதாக வாங்கும்போது கம்பியின் கனம், வெளிவிட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை மூன்றும் பழையதோடு ஒத்திருக்கட்டும்.

கடைக்காரர் தடித்த ஸ்பிரிங்கை நீட்டுவார். வேண்டாம். பத்து மீட்டர் காகிதத்துக்கு வேகம் தேவையில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே வேகம் தேவை. தடித்த ஸ்பிரிங்கில் அதிர்வு கூடும், விசையின் குண்டுகளில் பாரம் ஏறும், இருபது ஜூல் கோட்டையும் நோக்கி நாமே நடந்து போவோம். ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் 400ஆம் நம்பர் எமரித் தாளில் தேய்த்து, மாலிப்டினம் கிரீஸைச் சுற்றுகளில் மெல்லிய படலமாகத் தடவினால் நறநறப்பு நின்றுவிடும். பிஸ்டனின் பின்பாதிக்கும் அதுவே. வாஷருக்கு முன்னால் மட்டும் ஒரு துளியும் படக் கூடாது.

இரும்பும் மரமும்

துருவுக்கு எண்ணெய் போட்டு நாலு பூஜ்ய ஸ்டீல் வூலால் தேய்த்தேன். கீழே பழைய நீலம் (துரு பிடிக்காமல் இரும்புக்கு ஏற்றும் நீலக் கறுப்பு) பாதிக்கு மேல் பிழைத்திருந்தது, அதோடு நிறுத்திக்கொண்டேன். பளபளவென்று புது நீலம் ஏற்றலாம். ஆனால் அதற்காக பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் ஆண்டு முத்திரையும் கம்பெனிப் பெயரும் மழுங்கிவிடும். பிறகு அது எந்த ஊர், எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது.

கட்டை பீச் மரம். வார்னிஷை ரிமூவரால் எடுத்துவிட்டு, அமுங்கிய இடங்களில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி வைத்தால், நீராவியில் மரநார் ஊதி மேலே வரும். ஆழமான ஒரு பள்ளம் எழவில்லை. பெரியம்மாவைக் கேட்டால் அதற்கும் ஒரு கதை இருக்கும் என்று விட்டுவிட்டேன். உப்புத்தாளை இரும்போடு சேரும் விளிம்புகளில் போடாதீர்கள், இடைவெளி விழுந்துவிடும். லின்சீட் எண்ணெயைத் துணியில் தொட்டு நாளுக்கு ஒரு கை, ஆறு நாள். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட வேண்டாம். அது தானே சூடாகித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்டு, பிறகு எறியுங்கள்.

கூட்டுவது

பிரித்ததன் தலைகீழ்தான். குண்டுகள் உதிராமல் இருக்க ஓட்டைகளில் கெட்டியான கிரீஸை வைத்து ஒட்டி, வெளியுறையை மாட்டிப் பிறகு உள்ளே விடுங்கள். வாஷரின் விளிம்பு உருளையில் இருக்கும் நீளப் பிளவைத் தாண்டும்போது கிழியும் அபாயம் உண்டு. மழுங்கிய மரக்குச்சியால் உள்ளே தள்ளிவிட்டபடி நகர்த்துங்கள். கீல் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது? குழலை எந்தக் கோணத்தில் விட்டாலும் அது அங்கேயே நிற்க வேண்டும், தன் எடையால் விழக் கூடாது. பிறகு குட்டிப் பூட்டுத் திருகு.

பார்வையை மாற்றுவது

இந்தத் துப்பாக்கியின் பின்பார்வை குழலின் அடிக்கட்டையில் இருக்கிறது. முன்பார்வையும் குழலில். இரண்டும் ஒரே குழலில் இருப்பதால் கீல் கொஞ்சம் ஆடினாலும் பார்வைக் கோடு குழலோடு சேர்ந்தே ஆடும். பிழை தெரியாது. துளைப் பார்வை கண்ணுக்கு அருகில், அதாவது உருளையின் பின்கோடியில் வர வேண்டும். அப்போது பார்வைக் கோடு கீலைத் தாண்டுகிறது. கீலின் ஆட்டம் முழுவதும் இனி அட்டையில் தெரியும். கீல் கெட்டியாக இல்லாத துப்பாக்கியில் இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள்.

உருளையில் துளை போட்டுத் திருகு இறக்குவதும் வேண்டாம். உள்ளே நகரும் பாகங்களில் உரசும், துப்பாக்கியும் திரும்பப் பழையபடி ஆகாது. வெளிவிட்டத்தை அளந்து, இரண்டு பாதியாகப் பிரியும் அலுமினிய வளையம் ஒன்றைக் கோவையில் ஒரு லேத்துப் பட்டறையில் கடையச் சொன்னேன். மேலே 11 மி.மீ. புறாவால் தடம் ('டவ்டெயில்'), துளைப் பார்வை மாட்டுவதற்கு. "ஏனுங்க, எட்டணா துப்பாக்கிக்கு எண்ணூறு ரூபாய்க்கு வேலையா?" என்று கேட்டுக்கொண்டே, நூலிழை பிசகாமல் செய்து கொடுத்தார். உள்ளே மெல்லிய தோல் வைத்து இறுக்கினால் நீலமும் கீறாது.

முன்பார்வையின் உயரத்தைக் கணக்குப் போடாமல் மாட்டினால் பெல்லட் கூரைக்குப் போகும். என் இரண்டு பார்வைகளுக்கு நடுவே 600 மி.மீ. இலக்கு 10,000 மி.மீ. ஆகவே பின்பார்வை 1 மி.மீ. உயர்ந்தால் அட்டையில் சுமார் 17 மி.மீ. உயரும். புதுப் பார்வை பழையதை விட 6 மி.மீ. மேலே இருந்ததால் பத்து செ.மீ. தவறியிருக்கும். குழல் மூக்கில் அதே 6 மி.மீ. உயரத்தில் ஒரு குழாய்ப் பார்வையைக் கவ்வினேன். அதற்குள் போடும் வளையத்தை 3.6 மி.மீ.யில் தொடங்குங்கள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை வரம்பு ஒரே அகலத்தில் தெரிய வேண்டும். வெள்ளை மிகக் குறுகினால் கண் ஏமாறும், அடுத்த பெரிய வளையத்துக்குப் போங்கள்.

சுட்டுப் பார்ப்பது

பெல்லட் இல்லாமல் ஒருமுறைகூடச் சுட வேண்டாம். பெல்லட்டின் எதிர்ப்பில்தான் பிஸ்டனுக்குக் காற்று மெத்தை கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் மோதும். பின்தடுப்புக்கு பழைய துணி அடைத்த மரப்பெட்டி, அதற்குப் பின்னால் இரும்புத் தகடு. யாரும் திறந்து வர முடியாத கதவுப் பக்கமாக வையுங்கள். கண்ணாடி கட்டாயம்.

குழலும் உருளையும் சேரும் இடத்தில் டிஷ்யூத் தாளின் கீற்றை வைத்துச் சுடுங்கள். படபடத்தால் தோல் வளையத்தில் கசிவு. அடியில் மெல்லிய காகித வளையம் ஒன்று வைத்து உயர்த்தினால் போதும். முதல் ஐம்பது சுடுதலுக்கு வாஷர் படியும்வரை வேகம் ஏறி இறங்கும், லேசாகப் புகையும் வரலாம். அதற்கு முன் பார்வையைத் திருத்திப் பயனில்லை.

எனக்கு அறுபது சுடுதலுக்குப் பிறகு வேகம் நிலைத்தது: வினாடிக்கு 164 மீட்டர், 7.1 ஜூல். சட்டத்தின் எல்லையில் பாதிகூட இல்லை. மேசையில் மணல் பையின் மேல் கையை வைத்து, கையின் மேல் கட்டையை வைத்துச் சுட்டதில் ஐந்து துளைகள் 14 மி.மீ.க்குள். கட்டையை நேராகப் பையில் வைத்தால் அதே துப்பாக்கி 25க்குப் போகிறது. ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது முன்னும் பின்னும் துள்ளும், அந்தத் துள்ளலை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விட வேண்டும். இறுக்கிப் பிடிப்பவர்களிடம் அது பிடிவாதம் காட்டும்.

கீலைச் சோதிக்க, ஐந்து சுட்டு, குழலை இருபது முறை மடக்கி நிமிர்த்தி, மறுபடி ஐந்து சுடுங்கள். இரண்டு குவியல்களும் ஒரே இடத்தில் விழுந்தால் மாற்றம் தேறியது. என்னுடையது 3 மி.மீ. இடப்பக்கம் நகர்ந்தது. போல்ட்டைக் கால் சுற்று இறுக்கியதும் சரியானது.

சுட்டு முடித்ததும் சாப்பிடும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், பெல்லட் ஈயம். இரும்பை எண்ணெய்த் துணியால் வெளியே மட்டும் துடைத்து, ஸ்பிரிங் இறுகாத நிலையில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். கோணிச்சாக்கு வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, ஓட்டையில் எண்ணெய் விட்டாயா என்றுதான் முதலில் கேட்டார்.